ஒரு பானைச் சோறு பத்துப் பேரைச் சாப்பிடுமா?

சீன மொழியில் சகஜமாகச் சொல்லப்படும் ஒரு வாக்கியம்: ‘யீ குவோ ஃபான் ச்சி ஷீ கெ ரென்’. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘ஒரு பானை சோறு சாப்பிடு பத்து ஆள்’ என்று வரும். சீனத்தில் பொதுவாக வினைக்கு முன்னால் நிற்பது எழுவாய், பின்னால் நிற்பது செயப்படுபொருள். இலக்கணத்தின் இந்த முதல் பாடத்தை மட்டும் கற்ற கணினி, பானைச் சோறு பத்துப் பேரை விழுங்கிவிட்டதாக முடிவு கட்டும். சீனர் எவரும் அப்படிப் புரிந்துகொள்வதில்லை. ‘ஒரு பானைச் சோறு பத்துப் பேருக்குப் போதும்’ என்றுதான் புரிந்துகொள்கிறார்கள். வரிசையைத் தலைகீழாக்கி ‘பத்து ஆள் சாப்பிடு ஒரு பானை சோறு’ என்றாலும் சாப்பிடுவோர் மனிதர்களே. தமிழில் இந்தச் சந்தேகம் எழவே எழாது. ‘சோற்றை’ என்பதில் உள்ள ஐகாரமும் ‘சாப்பிடுகிறார்கள்’ என்பதன் விகுதியும் யார் எதைச் செய்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடும். சொற்களை எப்படி இடம் மாற்றிப் போட்டாலும் உறவு குலையாது. சீனத்தில் வேற்றுமை உருபு கிடையாது, வினைமுற்றில் திணை, பால், எண், இடம் எதுவும் தெரியாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். கணினிக்குச் சீனத்தைப் புரியவைப்பதில் உள்ள சிக்கல் முழுமைக்கும் இந்த ஒரு வாக்கியம் பதம். முதலில் சொற்களைப் பிரி, அடுத்து வாக்கிய அமைப்பைக் கண்டுபிடி, கடைசியில் அதிலிருந்து பொருளை எடு என்பதே கணினி மொழியியல் நெடுங்காலம் நம்பியிருந்த வரிசை. சீனத்தில் அந்த வரிசை எடுபடவில்லை. அங்கே அமைப்பும் பொருளும் ஒன்றையொன்று தாங்கி, ஒரே நேரத்தில்தான் முடிவாகின்றன. கணினிகள் சீனத்தை ஓரளவு புரிந்துகொள்ளத் தொடங்கியதும் இந்த உண்மைக்கு ஏற்பத் தம் வழியை மாற்றிக்கொண்ட பிறகுதான்.

அப்படியென்றால் சீனத்துக்கு இலக்கணமே இல்லை, எல்லாம் கேட்பவரின் ஊகம்தான் என்று சிலர் சொல்வதுண்டு. இது தவறு என்பதற்கு அந்தப் பானை வாக்கியமே சாட்சி. அதிலிருந்து ‘ஒரு பானை’, ‘பத்து’ என்ற இரண்டு அளவுகளையும் நீக்கி ‘சோறு சாப்பிடு ஆள்’ என்று மட்டும் சொன்னால் ‘போதும்’ என்ற பொருள் மறைந்துவிடும். சோறு ஆளைத் தின்னும் அபத்தமே மிஞ்சும். வினையின் இருபுறமும் அளவு குறித்த பெயர்கள் நிற்க வேண்டும் என்பது ஒரு விதி. ‘இவ்வளவு இருந்தால் இத்தனை பேருக்கு ஆகும்’ என்ற பொருளைச் சுமப்பது அந்த வடிவம்தான். ‘பா’, ‘பெய்’ என்ற இரு சிறு சொற்கள் இன்னும் கறாரானவை. ‘ஜாங் சான் பா லீ ஸி தா லெ’ என்றால் ஜாங் சான் லீ ஸியை அடித்தார். ‘பா’ இருந்த இடத்தில் ‘பெய்’யை வைத்தால் அடித்தவர் லீ ஸி, அடிபட்டவர் ஜாங் சான். இங்கே உலக அறிவு எதுவும் உதவாது. அமைப்பு ஒன்றே தீர்ப்புச் சொல்கிறது. விளையாட்டுச் செய்திகளில் வரும் இன்னொரு இணையையும் பார்க்கலாம். ‘ஷெங்’ என்றால் வெல்லுதல், ‘பாய்’ என்றால் தோற்றல், ‘தா’ என்றால் பெரிதாக. ‘சீன அணி தா ஷெங் அமெரிக்க அணி’ என்றாலும் ‘சீன அணி தா பாய் அமெரிக்க அணி’ என்றாலும் வென்றது சீன அணிதான். ‘பாய்’ தனக்குப் பின்னால் ஒரு பெயரைப் பெற்றதும் ‘தோற்றுப்போ’ என்ற பொருளை விட்டு ‘தோற்கடி’ என்ற பொருளுக்கு மாறிவிடுகிறது. ஆகவே சீனத்தில் இலக்கணம் இருக்கிறது. சொல்லின் முடிவில் ஒட்டிக்கொண்டிராமல், சொற்கள் சேரும் வடிவங்களில் அது பரவிக் கிடக்கிறது.

பரவிக் கிடப்பதைப் பிடிப்பது மனிதர்களுக்கே எளிதாக இருக்கவில்லை. 1898இல் மா ஜியென்ஜோங் வெளியிட்ட ‘மாஷி வென்தோங்’, சீனர் ஒருவர் மேற்கத்திய முறையில் எழுதிய முதல் முறையான சீன இலக்கண நூலாகக் கருதப்படுகிறது. செவ்வியல் சீனத்தை அவர் லத்தீன் இலக்கணச் சட்டகத்துக்குள் வைத்து விளக்கினார். அந்தச் சட்டகம் எல்லா வாக்கியத்துக்கும் பொருந்தவில்லை. ‘வாங் மியென் ஸி லெ ஃபு சின்’ என்ற வாக்கியம் ‘வாங் மியென் இறந்தார் தந்தை’ என்ற வரிசையில் நிற்கும். இறந்தவர் தந்தை, வாங் மியென் அந்த இழப்புக்கு ஆளானவர். தமிழ் இதை ஒரு குவ்வுருபைச் சேர்த்து ‘வாங் மியெனுக்குத் தந்தை இறந்துவிட்டார்’ என்று தீர்த்துவிடும். சீனத்தில் எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்று அறிஞர்கள் 1955, 1956ஆம் ஆண்டுகளில் பெரிய விவாதமே நடத்தினார்கள். 1968இல் வெளியான தம் பேச்சுச் சீன இலக்கண நூலில் ஜாவ் யுவான்ரென், சீன வாக்கியத்தின் முற்பகுதியைச் ‘செய்பவர்’ என்று கொள்வதைவிட ‘பேச எடுத்துக்கொண்ட பொருள்’ என்று கொள்வதே பொருத்தம் என்றார். 1976இல் சார்லஸ் லீயும் சாண்ட்ரா தாம்சனும் இதை வளர்த்து, எழுவாயை முதன்மையாகக் கொண்ட மொழிகள், பேசுபொருளை முதன்மையாகக் கொண்ட மொழிகள் என்று ஒரு வகைப்பாட்டையே முன்வைத்தார்கள். ‘அந்தத் தீ, நல்லவேளையாகத் தீயணைப்புப் படை சீக்கிரம் வந்தது’ என்பது சீனத்தில் குறையற்ற வாக்கியம். ‘வந்தது’ என்ற வினைக்கும் ‘தீ’ என்ற சொல்லுக்கும் இலக்கண உறவு எதுவும் இல்லை. படை வந்ததால் தீ பரவாமல் தடுக்கப்பட்டது என்ற உறவைக் கேட்பவரே அமைத்துக்கொள்கிறார். அறிஞர்களிடையே முடிவாகாத இந்தக் கேள்விகளோடுதான் சீனம் கணினியிடம் வந்து சேர்ந்தது.

கணினிக்கு முதல் முட்டுக்கட்டை வாக்கிய அமைப்புக்கும் முன்னாலேயே வந்துவிட்டது. சீன எழுத்தில் சொற்களுக்கு இடையே இடைவெளி விடுவதில்லை. ஓரெழுத்துச் சொல்லும் உண்டு, ஈரெழுத்து, மூவெழுத்துச் சொல்லும் உண்டு. தொடக்கக்கால நிரல்கள் அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு, இடமிருந்து வலமாகக் கிடைக்கும் மிக நீளமான சொல்லை வெட்டியெடுத்தன. ‘யென் ஜியூ ஷெங் மிங் ச்சீ யுவான்’ என்ற ஆறெழுத்துத் தொடரில் அந்த முறை உடனே இடறும். ‘உயிரின் தோற்றத்தை ஆராய்தல்’ என்பது இதன் பொருள். ஆனால் முதல் மூன்று எழுத்துகள் சேர்ந்தால் ‘முதுநிலை மாணவர்’ என்ற சொல் ஆகிவிடும். நீளமான சொல்லைத் தேடும் நிரல் அதைப் பிடித்துக்கொண்டு மீதியைச் சிதைத்துவிடும். இதை இலக்கணத்தால் திருத்தலாம். யாங்சி ஆற்றின் மீது 1968இல் திறக்கப்பட்ட நான்ஜிங் பாலத்தின் பெயரில் அதுவும் கைகொடுக்காது. ஏழு எழுத்துகள் கொண்ட அந்தப் பெயரை ‘நான்ஜிங் நகர யாங்சி ஆற்றுப் பெரும்பாலம்’ என்றும் பிரிக்கலாம், ‘நான்ஜிங் மேயர் ஜியாங் தாச்சியாவ்’ என்றும் பிரிக்கலாம். இரண்டும் இலக்கணப்படி சரி. நடுவில் உள்ள ஓர் எழுத்து முதல் பிரிப்பில் ‘சாங்’ என்றும் அடுத்ததில் ‘ஜாங்’ என்றும் ஒலிக்கும். எதை ஒலிப்பது என்பதே பொருள் தெரிந்த பிறகுதான் முடிவாகும். அப்படி ஒரு பாலம் இருப்பதும், அப்படி ஒரு மேயர் இல்லாததும் தெரிந்தவரே சரியாகப் பிரிக்கிறார். சொல்லின் எல்லையில் மனிதர்களே ஒத்துப்போவதில்லை. ரிச்சர்ட் ஸ்புரோட்டும் அவருடைய சகாக்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே உரையைப் பிரித்த சீனர்களிடையே சராசரி ஒப்புதல் ஏறத்தாழ முக்கால் பங்குதான். 2003இல் நடந்த முதல் பன்னாட்டுச் சீனச் சொல் பிரிப்புப் போட்டியில் நான்கு நிறுவனங்களின் உரைத்தொகுப்புகள் பயன்பட்டன. நான்கும் வெவ்வேறு விதிகளின்படி பிரிக்கப்பட்டவை. பொருளைத் தொடாமல் முடித்துவிடலாம் என்று எண்ணிய முதல் படியிலேயே பொருள் குறுக்கே வந்து நின்றது.

அடுத்த படி, சொற்கள் எப்படித் தொடர்களாகச் சேர்கின்றன என்பது. சீன மொழியியலில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ‘யாவ் ஸி லெ லியெரென் தெ கோவ்’ என்ற தொடரில் ‘கடி, சாகு, முடிந்தது, வேட்டைக்காரன், உடைய, நாய்’ என்ற வரிசையில் சொற்கள் நிற்கின்றன. ‘வேட்டைக்காரனின் நாயைக் கடித்துக் கொன்றது’ என்பது ஒரு பொருள். ‘வேட்டைக்காரனைக் கடித்துக் கொன்ற நாய்’ என்பது இன்னொரு பொருள். முன்னதில் அது வினைத்தொடர், பின்னதில் பெயர்த்தொடர். ‘தெ’ என்ற சொல் தமிழின் ஆறாம் வேற்றுமை உருபு செய்யும் வேலையையும் பெயரெச்சத்தின் வேலையையும் ஒன்றாகச் செய்வதால் வந்த வினை இது. ‘வேட்டைக்காரன்’ என்பதற்கு முன்னால் ‘அந்த ஜி’ என்று சேர்த்தால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ‘ஜி’ விலங்குகளை எண்ணும் சொல், அது மனிதனோடு சேராது, எனவே நாயைத்தான் தேடிப் போகும். எந்த எண்ணுச்சொல் எந்தப் பெயரோடு சேரும் என்ற அகராதிச் செய்தி முழு வாக்கியத்தின் அமைப்பையே தீர்மானிக்கிறது. இத்தகைய நுணுக்கங்களைக் கணினிக்குக் கற்பிக்க, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1998இல் பென் சீன வாக்கிய மரத் தொகுப்பு தொடங்கப்பட்டது. பயிற்சி பெற்றவர்கள் சின்ஹுவா செய்தி நிறுவனத்தின் செய்திகளை வாக்கியம் வாக்கியமாக எடுத்து, எது எதோடு சேர்கிறது என்பதை மர வடிவில் குறித்தார்கள். முதல் வெளியீட்டில் ஏறத்தாழ ஒரு லட்சம் சொற்கள் இருந்தன. சொல்லப்படாமல் விடுபட்ட எழுவாய் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் குறித்துவைத்தது இதன் சிறப்பு. எழுதப்படாத ஒன்றுக்கும் வாக்கியத்தில் இடம் உண்டு என்று கணினிக்குச் சொல்லிக்கொடுத்த வேலை இது.

மரம் சரியாக வரைந்துவிட்டால் பொருள் தானே கிடைத்துவிடாதா என்று கேட்கலாம். கிடைக்காது. ‘ச்சி’ என்ற ‘சாப்பிடு’ வினைக்குப் பின்னால் சோறு வந்தால் அது சாப்பிடப்படும் பொருள். அதே இடத்தில் ‘ஷி தாங்’ வந்தால் ‘கேன்டீனில் சாப்பிடுதல்’, ‘பெரிய கிண்ணம்’ வந்தால் ‘பெரிய கிண்ணத்தில் சாப்பிடுதல்’, ‘பெற்றோர்’ வந்தால் ‘பெற்றோர் தயவில் வயிறு வளர்த்தல்’. நான்குக்கும் மரம் ஒன்றே; உறவு நான்கு விதம். தமிழ் ஐ, இல், ஆல் என்று உருபால் பிரித்துக்காட்டும் உறவுகளைச் சீனர் அந்தந்தப் பொருளைப் பற்றிய அறிவிலிருந்து பெறுகிறார்கள். இதைவிடக் கடினம் இரண்டு வினைகள் ஒட்டி நிற்கும் கூட்டுவினை. ‘ஜாங் சான் ஜுய் லெய் லெ லீ ஸி’ என்பதில் ‘துரத்து’ என்ற வினையும் ‘களைப்படை’ என்ற வினையும் சேர்ந்திருக்கின்றன. ஜாங் சான் துரத்தியதில் லீ ஸி களைத்தார், ஜாங் சான் துரத்தித் தானே களைத்தார், லீ ஸி துரத்தி லீ ஸியே களைத்தார் என்று மூன்று விதமாகவும் இதைக் கொள்ள முடியும். மர அமைப்புக்கு மேல் ‘யார் செய்தார், யாருக்கு நேர்ந்தது’ என்ற அடுக்கையும் சேர்க்க வேண்டிய தேவை இதனால்தான் வந்தது. ஷுவே நியென்வென், மார்த்தா பாமர் ஆகியோர் அதே மரத் தொகுப்பின் வினைகளுக்கு இந்தப் பங்குகளைக் குறித்தார்கள். சீனாவில் தோங் ஜென்தோங் வேறு வழியில் போனார். சொற்பொருள்களைச் சுமார் 2000 அடிப்படைப் பொருள் அலகுகளாகப் பகுத்து, அவற்றின் சேர்க்கையால் சொற்களை விளக்கும் ‘ஹவ்நெட்’ என்ற அறிவுத்தளத்தை உருவாக்கி 1999இல் வெளியிட்டார். கிண்ணம் ஒரு கருவி, கேன்டீன் ஓர் இடம் என்று எழுதிவைத்தால் சரியான உறவைக் கணினி தேர்ந்துகொள்ளும் என்பது நம்பிக்கை. அது வீண்போகவில்லை, ஆனால் உலக அறிவு முழுவதையும் கையால் எழுதி முடிக்க எவராலும் ஆகாது.

கடந்த சில ஆண்டுகளில் வந்த நியூரல் மொழி மாதிரிகள் இந்தப் படிகளையெல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டன. 2018இல் கூகுள் வெளியிட்ட பெர்ட் மாதிரியின் சீன வடிவம் சொற்களைப் பிரிப்பதே இல்லை. ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாகவே எடுத்துக்கொள்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் 768 எண்கள் கொண்ட ஒரு வரிசையை அது வைத்திருக்கும். வாக்கியம் உள்ளே நுழைந்ததும் ஒவ்வோர் எழுத்தும் மற்ற எல்லா எழுத்துகளையும் நோக்கி, எது தனக்கு எவ்வளவு தொடர்புடையது என்று எடைபோட்டு, அதற்கேற்பத் தன் எண்களைத் திருத்திக்கொள்கிறது. பன்னிரண்டு அடுக்குகளில் இந்தத் திருத்தம் திரும்பத் திரும்ப நடக்கும். பாலத்தின் பெயரில் உள்ள அந்த இரட்டை ஒலி எழுத்து, பக்கத்தில் உள்ள ‘ஆறு’, ‘பாலம்’ ஆகிய எழுத்துகளின் செல்வாக்கால் ‘சாங்’ பக்கம் சாயும். மேயரின் உரை பற்றிய செய்தியில் அதே எழுத்து ‘ஜாங்’ பக்கம் சாயும். சொல்லின் எல்லை, தொடரின் அமைப்பு, வினையோடு உள்ள உறவு மூன்றும் தனித்தனிக் கட்டங்களில் தீர்க்கப்படாமல், ஒன்றின் முடிவு மற்றொன்றைத் திருத்தியபடியே போகின்றன. 2019இல் சியாவ்யா லீயும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. மொழி மாதிரியாக்கம், மொழிபெயர்ப்பு, வாக்கிய ஒப்பீடு, உரை வகைப்பாடு ஆகிய நான்கு வேலைகளில், முன்கூட்டியே சொற்களைப் பிரித்துப் பயிற்றுவித்த மாதிரிகளைவிட எழுத்துகளை நேராகப் பெற்ற மாதிரிகள் சிறப்பாகச் செய்தன. முதல் படியில் அவசரமாக எடுத்த முடிவு அடுத்த படிகளையெல்லாம் கெடுக்கிறது. முடிவைத் தள்ளிப்போட்டால் பொருளின் துணை கிடைக்கிறது.

இங்கே ஓர் எதிர்வாதம் வரும். மரமும் பங்கும் ஹவ்நெட்டும் இல்லாமலே மாதிரிகள் நன்றாகச் செய்கின்றன என்றால், அமைப்பு என்ற ஒன்று தேவையே இல்லை, எல்லாம் புள்ளிவிவரம்தான் என்பார்கள். சான்றுகள் அப்படிச் சொல்லவில்லை. ஈதன் சீ, ஜான் ஹியூவிட், கிறிஸ்டோபர் மேனிங் மூவரும் 2020இல் பன்மொழி பெர்ட் மாதிரியின் உள்ளே இருக்கும் எண்களைச் சீனம் உள்பட 11 மொழிகளில் ஆராய்ந்தார்கள். எந்தச் சொல் எந்தச் சொல்லைச் சார்ந்திருக்கிறது என்ற மர அமைப்பைக் கணிசமான அளவுக்கு அந்த எண்களிலிருந்தே மீட்டெடுக்க முடிந்தது. மரத்தை யாரும் அந்த மாதிரிக்குக் கற்பிக்கவில்லை. முதன்மையாக மறைக்கப்பட்ட சொல்லை ஊகிக்கும் பயிற்சியிலிருந்தே அமைப்பு உருவாகியிருக்கிறது என்றால், பொருளை எட்ட அமைப்பு தேவைப்பட்டிருக்கிறது என்பதே அதன் விளக்கம். ‘பா’வுக்கும் ‘பெய்’க்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியாத மாதிரி, அடுத்த வாக்கியத்தில் மருத்துவமனைக்குப் போனவர் யார் என்பதை ஊகிக்க முடியாது. அந்த எண்களுக்குள் மரம் இருக்கிறதா என்று சரிபார்க்கவும் மனிதர்கள் கையால் வரைந்த மரங்கள்தான் அளவுகோலாக இருந்தன. மொழியியலாளர்களின் உழைப்பு வீணாகவில்லை. கற்பிக்கும் கருவி என்ற நிலையிலிருந்து சோதிக்கும் கருவி என்ற நிலைக்கு மாறியிருக்கிறது.

அடுத்த எதிர்வாதம் ஆழமானது. 1980இல் தத்துவவாதி ஜான் சர்ல் ‘சீன அறை’ என்ற சிந்தனைச் சோதனையை முன்வைத்தார். சீனம் தெரியாத ஒருவர் ஓர் அறைக்குள் இருக்கிறார். வெளியிலிருந்து வரும் சீனக் கேள்விகளுக்கு, ஒரு விதிப்புத்தகத்தைப் பார்த்துச் சீன எழுத்துகளையே பதிலாக அனுப்புகிறார். வெளியே இருப்பவர்கள் அவருக்குச் சீனம் தெரியும் என்று நம்புவார்கள். அவருக்கோ ஓர் எழுத்தும் புரியவில்லை. கணினியும் அப்படித்தான் என்றார் சர்ல். உணர்வோடு புரிந்துகொள்வது பற்றிய கேள்வியாக இதைக் கொண்டால், இன்றைய எந்த மாதிரியின் சாதனையும் இதற்குப் பதிலாகாது. பசித்தவருக்குச் சோறு என்றால் என்ன என்று கணினிக்குத் தெரியாது. ஆனால் வாக்கிய அமைப்பு எதைச் சொல்கிறது என்பது வேறு கேள்வி; அதைச் சோதித்துப் பார்க்க முடியும். ‘பா’வை எடுத்துவிட்டுப் ‘பெய்’யை வைத்தால் பதில் மாறுகிறதா? ‘ஷெங்’குக்குப் பதில் ‘பாய்’ வைத்தால் மாறாமல் இருக்கிறதா? பானை வாக்கியத்தில் பத்துப் பேரை இருபது பேராக்கினால் ஒரு பானை போதாமல் போகலாம் என்று சொல்கிறதா? மாற வேண்டிய இடத்தில் மாறி, மாறக் கூடாத இடத்தில் நிலைத்து நிற்கும் பதில்களே புரிதலுக்கு அளவுகோல். சரளமான பேச்சு அளவுகோல் ஆகாது. 2020இல் வெளியான ஓசிஎன்எல்ஐ தொகுப்பு, மொழிபெயர்ப்பாக இல்லாமல் சீனத்திலேயே எழுதப்பட்ட ஏறத்தாழ 56,000 வாக்கிய இணைகளைக் கொண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்று பெறப்படுமா என்று கேட்டது. அன்றைய சிறந்த மாதிரிகள் மனிதர்களைவிட ஏறத்தாழ 12 சதவீதப் புள்ளிகள் பின்தங்கின. பின்னர் வந்த மாதிரிகள் முன்னேறியிருக்கின்றன. அளக்கும் முறையின் தேவை அதனால் குறையவில்லை.

மிச்சமிருக்கும் கடினமான இடம், வாக்கியம் சொல்லாமல் விட்டதைக் கையாள்வது. ‘யீ ஷெங் ஷுவோ மிங் தியென் லாய்’ என்பதில் மருத்துவர், சொல், நாளை, வா என்ற நான்கு சொற்கள் மட்டுமே உள்ளன. நாளை தாம் வருவதாக மருத்துவர் சொன்னாரா, நாளை வரச் சொன்னாரா என்பதை முன்பின் பேச்சுதான் காட்டும். சிங்கப்பூரில் மாண்டரினும் தமிழும் ஆட்சி மொழிகள். அங்கே சீனத்திலிருந்து தமிழுக்குப் போகும் ஒரு நிரல் இந்த வாக்கியத்தை மூடி மறைத்துவிட்டுக் கடந்துபோக முடியாது. ‘வருவதாகச் சொன்னார்’, ‘வரச் சொன்னார்’ என்ற இரண்டில் ஒன்றைத் தமிழ் கேட்டே தீரும். ‘சொன்னான், சொன்னாள், சொன்னார்’ என்று பாலையும் மரியாதையையும் வினைமுற்றிலேயே காட்டும் மொழி நம்முடையது. சீன மூலத்தில் அவை இல்லாதபோது நிரல் தன் ஊகத்தை உண்மைபோல் எழுதிவிடுகிறது. அதிகம் காணப்படுவதையே தேர்ந்தெடுக்கும் பழக்கம் பெரும்பாலும் பலிக்கும்; நோயாளி ஒருவர் மருத்துவமனைக்குப் போகாமல் வீட்டில் காத்திருக்கும் நாளில் அது பலிக்காது. அமைப்பும் பொருளும் சேர்ந்துதான் முடிவாகின்றன என்பதை ஏற்றால், இரண்டும் சேர்ந்தும் முடிவுக்கு வர முடியாத வாக்கியங்கள் இருக்கின்றன என்பதையும் ஏற்க வேண்டும். எனவே சீனத்தைக் கையாளும் கணினிகளிடம் நாம் கேட்க வேண்டியது சரியான பதிலை மட்டும் அல்ல. இரண்டு பொருளுக்கு இடம் இருக்கும்போது இரண்டையும் முன்வைத்து, ‘இதில் எது?’ என்று திருப்பிக் கேட்கும் திறனையும் கேட்க வேண்டும். நல்ல மொழிபெயர்ப்பாளர் அதைத்தான் செய்கிறார். அந்தக் கேள்வியைச் சரியான இடத்தில் கேட்கத் தெரிந்த கணினியே சீன வாக்கியத்தைப் புரிந்துகொண்டது என்று சொல்லத் தகுதி பெறும்.